மாயப் பொருளுக்குச் சொந்த விருப்பம் இருக்க முடியுமா?

கேள்வி சுருக்கமாக இது. வைகைக் கரையை ஒத்த ஒரு கற்பனை நாட்டை வைத்து மாயக்கதை நாவல் எழுதிவரும் இளைஞர் ஒருவர், தம் கதையின் நடுவே ஓர் அரிவாளை வைத்திருக்கிறார். மூன்று தலைமுறையாகக் கைமாறி வரும் அந்த அரிவாள் சிலர் கையில் வெட்டும், சிலர் கையில் வெட்டாது. மூன்றாம் அத்தியாயத்தில், அண்ணன் ஓங்கிய அரிவாள் தம்பியின் கழுத்துக்கு ஒரு விரற்கடைத் தூரத்தில் நின்றுவிடுகிறது. "அரிவாள் மறுத்தது" என்று அவர் எழுதியிருக்கிறார். படித்துப் பார்த்த நண்பரோ, "பொருளுக்கு விருப்பம் கிடையாது, விருப்பம் இருந்தால் அது பொருள் அல்ல, கதாபாத்திரம். ஒன்று அதற்கு வாய் கொடு, இல்லையென்றால் அந்தச் சொல்லை எடுத்துவிடு" என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாயக்கதையில் ஒரு பொருளுக்குச் சொந்த விருப்பம் இருக்க முடியும். அதற்கு வாயும் தேவையில்லை, முகமும் தேவையில்லை. ஆனால் நண்பருடைய சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. "அதற்கு உயிர் இருக்கிறது" என்று நாம் வியக்கும் மாயப் பொருள்களில் பெரும்பாலானவற்றிடம் இருப்பது விருப்பம் அன்று. தீர்ப்போ, கட்டளையோ, பசியோ, உள்ளே அடைபட்ட இன்னொருவரோதான். இவற்றை விருப்பம் என்று எடுத்துக்கொள்ளும்போது கதை எழுதுகிறவரின் கையை விட்டு நழுவத் தொடங்குகிறது. இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் உண்டு. விருப்பம் எங்கே போகிறதோ, பழியும் அங்கே போய்விடும். அரிவாளுக்கு விருப்பத்தைக் கொடுக்கிறவர், அதைப் பிடித்தவனுடைய குற்றத்திலிருந்து எவ்வளவு எடுத்துக் கொடுக்கிறோம் என்று கணக்குப் பார்த்தே கொடுக்க வேண்டும். இந்தப் பதில் முழுவதும் அந்தக் கணக்கைப் பற்றியதுதான்.

மதுரைக்காரர் இந்தப் பேச்சைச் சங்கப்பலகையிலிருந்து தொடங்குவதே முறை. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் சொல்லும் 64 திருவிளையாடல்களில் ஒன்று, சங்கப் புலவர்களுக்கு இறைவன் பலகை தந்த கதை. புலமை உடையவர் வந்தால் அவருக்கு இடம் கொடுத்து நீளும், அல்லாதவருக்கு இடம் தராத சிறிய பலகை அது. திருக்குறள் அரங்கேறியபோது, பொற்றாமரைக் குளத்தில் அந்தப் பலகை மற்றவர்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு அந்த நூலுக்கு மட்டும் இடம் கொடுத்தது என்று ஒரு செவிவழிக் கதையும் உண்டு. மீனாட்சியம்மன் கோயிலில் குளத்துப் படியில் உட்கார்ந்து, பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்கிறவர்களை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். சொல்லும்போது பலகையை ஓர் ஆளைப் போலத்தான் பேசுவார்கள். "பலகை ஏத்துக்கிருச்சு", "பலகை தள்ளி விட்டுருச்சு" என்பார்கள்.

ஆனாலும் அந்தப் பலகைக்கு விருப்பம் உண்டா என்றால், இல்லை என்றே சொல்வேன். அது தேர்ந்தெடுக்கிறது, எதையும் வேண்டுவதில்லை. நல்ல புலவர் வந்ததில் அதற்கு மகிழ்ச்சி இல்லை, வராததில் ஏக்கம் இல்லை. அதனிடம் கெஞ்ச முடியாது. அதற்கு மனம் மாறாது. பொன்னுக்கு உரைகல் எப்படியோ, கவிக்கு அந்தப் பலகை அப்படி. உரைகல் பொய்ப்பொன்னை வெறுப்பதில்லை. ஹாரி பாட்டர் வரிசையின் முதல் நூலில், மந்திரக்கோல்தான் தனக்கு உரியவரைத் தேர்ந்துகொள்கிறது என்று கடைக்காரர் சொல்வார். கேட்க விருப்பம் போலத்தான் இருக்கும். ஆனால் கடைசி நூலுக்கு வரும்போது, மூத்த மந்திரக்கோலின் விசுவாசம் எப்படி மாறுகிறது என்பதைக் கவனியுங்கள். தலைமையாசிரியர் டம்பிள்டோரின் கையிலிருந்து அதைத் தட்டிவிட்ட மாணவன் டிராக்கோ அதைத் தொட்டதே இல்லை. ஆயினும் அது அவனுடையதாகிறது. பிறகு அவனிடமிருந்து வேறொரு கோலை ஹாரி பிடுங்க, எங்கோ இருந்த மூத்த கோல் ஹாரியுடையதாகிறது. பத்திரம் பதிவானதும் நிலத்தின் பட்டா மாறுவதைப் போன்ற விதி இது. அழகான விதிதான், கதையின் முடிச்சும் அதனால்தான் அவிழ்கிறது. ஆனால் விதிக்கு விருப்பம் என்று பெயர் வைக்கக் கூடாது.

ஆகவே நான் வைத்துக்கொண்டிருக்கும் சோதனை இது. தன்னை ஆக்கியவருக்கோ, தன்னை வைத்திருப்பவருக்கோ எதிராக அந்தப் பொருளால் ஒன்றை வேண்ட முடியுமா? வேண்டியதற்காக அது எதையாவது இழக்க நேருமா? இரண்டுக்கும் ஆம் என்று பதில் வந்தால்தான் அங்கே விருப்பம் இருக்கிறது.

உள்ளே வேறொருவர் அடைபட்டிருக்கும் பொருள்களைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. விக்கிரமாதித்தன் சிம்மாசனத்தின் 32 பதுமைகள் போஜராஜனைப் படியேற விடாமல் நிறுத்திக் கதை சொல்வதை நாம் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறோம். அந்தப் பதுமைகள் சாபத்தால் அப்படி ஆன பெண்கள். பேசுவது அவர்கள்தான், சிம்மாசனம் அன்று. மகாபாரதத்தில் கர்ணனின் அம்பில் ஏறிக்கொண்ட நாகம் அசுவசேனன், காண்டவ வனம் எரிந்தபோது தாயை இழந்தவன். அர்ச்சுனன் மீது அவனுக்கு இருந்த பகையைக் கர்ணன் அறியவில்லை. குறி தப்பியதும் அவன் திரும்பி வந்து, "என்னை இன்னொரு முறை தொடு" என்று கேட்கிறான், கர்ணன் மறுக்கிறான். அந்தக் காட்சியில் விருப்பம் கொழுந்துவிட்டு எரிகிறது. எரிவது நாகத்தின் விருப்பம். அம்பு அதற்கு வாகனம், அவ்வளவே.

கட்டளை சுமக்கும் பொருள் அப்படி அன்று. அங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். மணிமேகலையின் அமுதசுரபி முதலில் தோன்றியதே மதுரையில்தான். நள்ளிரவில் மழைக்கு ஒதுங்கி, பசி என்று வந்தவர்களுக்குக் கொடுக்க எதுவும் இல்லாமல் நொந்துபோன ஆபுத்திரனுக்குச் சிந்தாதேவி தன் கையிலிருந்த பாத்திரத்தைக் கொடுக்கிறாள். "நாடு வறங்கூரினும் இவ்வோடு வறங்கூராது" என்பது அவள் வாக்கு. பின்னர் மழை பெருகிப் பசியே இல்லாமல் போன நாட்டில் அந்தப் பாத்திரத்துக்கு வேலை இல்லை. பசித்தவர்களைத் தேடிக் கப்பலேறியவன் மணிபல்லவத்தில் தனியாக விடப்படுகிறான். ஆளில்லாத தீவில் அள்ள அள்ளக் குறையாத பாத்திரம்! தான் மட்டும் உண்டு உயிர் வாழ அவனுக்கு மனம் இல்லை. ஆண்டுக்கு ஒரு நாள் வெளியே தோன்று, அருளறம் பூண்டு உயிர்களைக் காப்பவர் இருந்தால் அவர் கையில் சேர் என்று சொல்லிப் பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் உயிர் துறக்கிறான். அது அப்படியே மணிமேகலை கைக்கு வந்து சேர்கிறது.

இந்தப் பாத்திரம் ஆளைத் தேர்ந்தெடுக்கிறது, காத்திருக்கிறது, நாள் பார்த்து மேலே வருகிறது. விருப்பத்தின் அடையாளங்கள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் எல்லாமே ஆபுத்திரனுடைய கடைசிச் சொல். சாகப்போகிறவன் விட்டுச்சென்ற உயில். பாத்திரத்துக்கு என்று தனியே எதுவும் இல்லை. ஆதிரை முதல் பிச்சை இட்ட பிறகுதான் மணிமேகலையின் அறம் தொடங்குகிறது என்பதிலும் இதே ஒழுங்கைக் காண்கிறேன். சாத்தனார் பாத்திரத்தைச் சுற்றி மனிதர்களை நிறுத்துகிறார்: கொடுத்தவள், விட்டுச்சென்றவன், எடுத்தவள், முதலில் இட்டவள். "பாரகம் அடங்கலும் பசிப்பிணி அறுகென" என்று வேண்டுவது ஆதிரையின் வாய். பாத்திரமே உலகத்துப் பசியைத் தீர்க்க ஆசைப்பட்டதாக அவர் எழுதியிருந்தால் இந்த மனிதர்கள் அத்தனை பேரும் பரிமாறும் கைகளாகிப் போயிருப்பார்கள்.

பசி என்று நான் சொன்னது, உருவினால் ஓர் உயிரைக் குடிக்காமல் உறைக்குத் திரும்பாத வாள்கள். வட ஐரோப்பாவின் நோர்ஸ் பழங்கதையில் வரும் டிர்ஃபிங் அப்படிப்பட்டது. குள்ளர்கள் கட்டாயத்தால் அடித்துக் கொடுத்து, சாபமும் போட்டு விட்ட வாள் அது. நெருப்புக்குச் சுடுவது இயல்பு என்பதைப் போல அதற்குக் கொல்வது இயல்பு. ஆனால் பின்லாந்தின் காவியமான காலெவாலாவில், 1849இல் விரிவாக வெளிவந்த பதிப்பில், ஒரு வாள் இந்த எல்லையைத் தாண்டுகிறது. தன் குற்றம் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொள்ள முடிவு செய்த குல்லெர்வோ, குற்றமுள்ள இரத்தத்தைக் குடிக்க உனக்குச் சம்மதமா என்று தன் வாளைக் கேட்கிறான். குற்றமற்றவர்களையே உண்டு வந்த நான் குற்றவாளியை ஏன் மறுக்கப் போகிறேன் என்று அது பதில் சொல்கிறது. அதற்கு முன்பும் அது பேசியதில்லை, பின்பும் பேசவில்லை. அந்த ஒரு பதிலில், அதுவரை நடந்த கொலைகள் எல்லாவற்றையும் அது கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறது என்பது தெரிந்து நமக்குக் குளிர் எடுக்கிறது. வாய் கொடுப்பதென்றால் இப்படி ஒரே ஒரு முறை, மனிதன் கேட்ட பிறகு, கொடுக்க வேண்டும்.

இனி எல்லோருக்கும் தெரிந்த மோதிரத்துக்கு வருகிறேன். டோல்கீன் படைத்த அந்த மோதிரம்தான் இந்தக் கேள்விக்கு நவீன மாயக்கதை தந்த மிக முழுமையான பதில். பலரும் அறியாத செய்தி, அது முதலில் அப்படி இருக்கவில்லை என்பதுதான். 1937இல் வந்த தி ஹாபிட் முதற்பதிப்பில், விடுகதைப் போட்டியில் தோற்றால் மோதிரத்தைப் பரிசாகத் தருவதாக, அதை வைத்திருந்த கோல்லம் கதைநாயகன் பில்போவுக்குத் தானே வாக்குக் கொடுக்கிறான். தோற்ற பிறகு அது காணாமல் போனதை அறிந்து மன்னிப்புக் கேட்டு, பதிலுக்கு வெளியே போகும் வழியைக் காட்டுகிறான். மறைய வைக்கும் நல்ல மோதிரம், அவ்வளவுதான். அடுத்த பெருங்கதையான தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸை எழுதிய காலத்தில் அந்த மோதிரம் வேறொன்றாக வளர்ந்துவிட்டது. எந்த மனிதனும் மனமுவந்து கைவிட முடியாத பொருளாக ஆகிவிட்டது. ஆகவே 1951இல் அந்த அத்தியாயத்தையே மாற்றி எழுதினார். அத்தோடு நிற்காமல், பழைய வடிவத்தைப் பில்போ சொன்ன பொய் என்று புதிய கதைக்குள்ளேயே சேர்த்துக்கொண்டார். நேர்மையான ஒருவனைப் பொய் சொல்ல வைத்ததே மோதிரம் வேலை செய்யத் தொடங்கியதற்கு முதல் அடையாளமாகிவிட்டது. பொருளுக்கு விருப்பம் கொடுத்தால் முன்பு எழுதியதையும் திருத்த வேண்டி வரும் என்பதை எழுதுகிறவர்கள் இதிலிருந்து கற்கலாம்.

1954–55இல் வந்த பெருங்கதையில், கோல்லம் மோதிரத்தைத் தொலைக்கவில்லை, மோதிரம்தான் அவனை விட்டுப் போனது என்று மந்திரவாதி காண்டால்ஃப் சொல்கிறார். வெகுகாலம் முன்பு அதை வைத்திருந்த அரசன் இசில்தூர் ஆற்றில் நீந்தும்போது விரலிலிருந்து நழுவி அவனைக் காட்டிக்கொடுத்ததும் அதுவே. வைத்திருப்பவனுக்கு எதிராக வேண்டுகிறது, அழியவும் கூடும். என் சோதனையில் அது தேறுகிறது. தன்னை ஆக்கியவனுக்கு எதிராக அது எதையும் வேண்டுவதில்லை என்பதால் அதன் விருப்பம் சுதந்திரமானது அன்று. அவனிடம் திரும்பிப் போக வேண்டும் என்ற ஒற்றை ஏக்கம் அது. விருப்பம் என்று சொல்ல அந்த ஏக்கமே போதும்.

ஆனால் டோல்கீனின் திறமை மோதிரத்துக்கு விருப்பம் கொடுத்ததில் இல்லை; கொடுத்த பிறகும் மனிதர்களின் பழியைக் குறைக்காததில் இருக்கிறது. மோதிரம் வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்து திணிப்பதில்லை. தன் நகரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று தவிக்கும் பொரோமிருக்கு, அதைக் கொண்டு படை நடத்தலாம் என்று தோன்றுகிறது. தோட்டக்காரரான சாமுக்கோ, அந்தப் பாழ்நிலமே பூந்தோட்டமாகும் காட்சி தோன்றுகிறது. அவரவர் மனத்தில் முன்பே இருந்த நல்ல ஆசையைத்தான் அது பிடித்து இழுக்கிறது. ஆகவே குற்றம் அவரவருடையதாகவே நிற்கிறது. சாகும் தறுவாயில் பொரோமிர், மோதிரத்தை நான்தான் பறிக்கப் பார்த்தேன் என்று சொல்கிறானே தவிர, மோதிரம் என்னை அப்படிச் செய்ய வைத்தது என்று சொல்வதில்லை. அந்த வாக்கியத்தில்தான் அவன் மறுபடி மனிதனாகிறான்.

அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் மதுரையின் அரசவை நினைவுக்கு வருகிறது. "யானோ அரசன் யானே கள்வன்" என்ற பாண்டியனின் சொல்லும் அதே மனிதத் தரத்தில்தான் நிற்கிறது. சிலப்பதிகாரத்தில் எல்லாமே ஒரு சிலம்பால் நடக்கிறது. நூலின் பெயரே அதுதான். ஒரு நொடி வேறு மாதிரி எண்ணிப் பாருங்கள். அந்தச் சிலம்பு மதுரையை அழிக்க வேண்டும் என்று தானே விரும்பிப் புகாரிலிருந்து புறப்பட்டு வந்தது என்று இளங்கோவடிகள் எழுதியிருந்தால், பொற்கொல்லன் அதன் கைக்கருவி. கொன்று சிலம்பைக் கொண்டுவா என்று சொன்ன அரசன் அதன் இரை. பிறகு அவன் ஏன் சாக வேண்டும்? "என் முதல் பிழைத்தது" என்று சொல்ல அவனிடம் என்ன பிழை மிச்சம் இருக்கும்? ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும் என்று பதிகம் சொல்கிறது, உண்மை. ஆனால் அந்த ஊழைச் சிலம்புக்குள் குடிவைக்க இளங்கோ உடன்படவில்லை. கண்ணகியின் சிலம்புக்குள் இருப்பது மாணிக்கப் பரல், அரசியின் சிலம்புக்குள் இருப்பது முத்து. இந்த வேறுபாட்டைத் தவிர வேறு மந்திரம் எதையும் அவர் அதற்குள் வைக்கவில்லை.

இந்த இடத்தில் இளங்கோவின் சொற்களை மிக அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். கேள்விக்கான விடையே அங்கேதான் இருப்பதாக நான் நினைக்கிறேன். கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது வையை ஆற்றைக் கடக்கிறார்கள். கண்ணகிக்கு வரப்போவதைத் "தான் அறிந்தனள் போல்" அந்த ஆறு பூக்களால் உடம்பைப் போர்த்திக் கண்ணீரை மறைத்துக்கொள்கிறது. கோட்டையை அணுகும்போது மதில்மேல் கொடிகள், "வாரல் என்பன போல்" கையை அசைக்கின்றன. இரண்டு இடத்திலும் "போல்" இருக்கிறது. ஆறு அறிந்தது என்று அவர் சொல்லவில்லை. அறிந்தவளைப் போல என்கிறார். கொடி தடுத்தது என்று சொல்லவில்லை. தடுப்பதைப் போல என்கிறார். இனி அரசவைக்கு வாருங்கள். கண்ணகி சிலம்பை உடைக்கிறாள். "மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே." இங்கே "போல்" இல்லை. அதற்காக மணி விரும்பிப் பாய்ந்தது என்றும் இல்லை. உடைந்த பொருளின் துண்டு தெறிக்கும். அது வெறும் நிகழ்ச்சி. ஆனால் தெறித்த இடம் வாய். எந்த வாய் விசாரிக்காமல் கொலைக்கு ஆணை இட்டதோ, அந்த வாய். மணிக்கு விருப்பம் இருந்ததா, இல்லையா என்பதை அவர் படிக்கிறவர் கையில் விட்டுவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுகிறார். எந்த மாயக்கதையிலும் இதற்கு இணையான ஓர் இடத்தை நான் கண்டதில்லை.

நம் இலக்கணமும் இந்தப் "போல"வைப் பற்றித் தெளிவாகப் பேசியிருக்கிறது. ஞாயிறு, திங்கள், கடல், மரம், நெஞ்சு ஆகியவை "சொல்லுந போலவும் கேட்குந போலவும்" செய்யுளில் வரலாம் என்று தொல்காப்பியம் இடம் தருகிறது. நன்னூல் இன்னும் ஒரு படி மேலே போய், கேட்பதையும் பேசுவதையும் மட்டும் அன்றி, "இயங்குந போலவும் இயற்றுந போலவும்" அஃறிணையைச் சொல்லலாம் என்கிறது. மாயக்கதை என்பது, இந்தப் "போல"வை எடுத்துவிடத் துணிவது. சூரியன் பார்ப்பதைப் போல இருந்தது என்பது கவிதை. சூரியன் பார்த்தது என்று எழுதி, அதை உண்மையாகவே நம்பச் சொல்வது மாயக்கதை. தமிழில் எழுதுகிறவருக்கு இங்கே இன்னொரு நெருக்கடியும் உண்டு. ஆங்கிலத்தில் வினைச்சொல் எல்லோருக்கும் ஒன்றுதான். நாம் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் திணை சொல்லியே ஆக வேண்டும். வாள் "பேசியது" என்று எழுதினால் அது இன்னும் பொருள்தான். "பேசினாள்" என்று எழுதிய நொடியில் அது பொருள் அல்ல, ஆள். உங்கள் நண்பர் சொல்வது அந்த நொடிக்குப் பொருந்தும். அதற்கு முன்பு பொருந்தாது. மனம் என்பதை ஆறாவது அறிவாகத் தொல்காப்பியம் மக்களுக்கு வைத்தது. அந்த மனத்தை அஃறிணை விகுதியை மாற்றாமலே ஒரு பொருளுக்குக் கொடுக்க முடிவதுதான் தமிழ் மாயக்கதைக்குக் கிடைத்திருக்கும் தனி வசதி. "அது விரும்பியது" என்ற இரண்டு சொல்லில் உள்ள அச்சம், "அவன் விரும்பினான்" என்பதில் இல்லை.

நம் ஊர்ப் பேச்சு இந்த விளிம்பில்தான் எப்போதும் நடக்கிறது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் காலையில், எந்த நிறப் பட்டு என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. பல நிறப் பட்டுகள் இருக்கும் பெட்டியில் பார்க்காமல் கைவிட்டு எடுப்பதாகச் சொல்வார்கள். பச்சை என்றால் அந்த ஆண்டு செழிப்பு என்பது நம்பிக்கை. யாரும் "பச்சையை எடுத்தார்கள்" என்று சொல்லி நான் கேட்டதில்லை. "பச்சை வந்துருக்கு" என்றுதான் சொல்வார்கள். எடுத்த கை வாக்கியத்திலிருந்து காணாமல் போய்விடுகிறது. பட்டு தானே வந்ததா, அழகர் அனுப்பினாரா, கை தற்செயலாக எடுத்ததா என்று யாரும் பிரித்துக் கேட்பதில்லை. உங்கள் நாவலின் வாசகர் இந்த வாக்கியத்தைப் பேசி வளர்ந்தவர். அவருக்கு அரிவாளின் விருப்பத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அரிவாள் என்பதால் ஒன்று சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் திருப்பாச்சேத்தியில் ஒரு பட்டறையில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். பழைய லாரி ஸ்பிரிங் பட்டையைத் துண்டாக்கி உலையில் வைத்து, பழுத்ததும் பட்டடைக் கல்லில் போட்டு இரண்டு பேர் மாறி மாறி அடித்தார்கள். வளைவு வந்த பிறகு வாயை மட்டும் மறுபடி காய்ச்சி, நிறம் பார்த்துத் தண்ணீரில் தோய்த்தார் கொல்லர். அந்த ஒரு நொடியில் அவர் யாரோடும் பேசவில்லை. "தோய்ச்சல் கூடுனா வாய் தெறிச்சிரும், கொறைஞ்சா மடங்கிரும். வெளிய பாத்தா ரெண்டும் ஒண்ணாத்தேன் இருக்கும்" என்றார் பிறகு. சுவரோரம் ஆள் உயரத்துக்கு ஓர் அரிவாள் சாத்தியிருந்தது. ஒரு கருப்பசாமி கோயிலுக்கு நேர்த்திக்கடனாகப் போக வேண்டியது. அதற்குச் சாணை பிடிக்கவில்லையா என்று கேட்டேன். "அது அய்யாவுக்குப் போறது, அதுக்கு எதுக்குச் சாணை" என்றார். இரண்டும் ஒரே உலையில் காய்ந்த ஒரே லாரியின் இரும்பு. ஒன்றில் கூர் இருக்கிறது, விருப்பம் இல்லை. மற்றொன்றில் கூர் இல்லை, ஆனால் அதைத் தாண்டிப் போகும்போது அவர் கால் படாமல் ஒதுங்கிப் போனார்.

அந்தப் பட்டறையிலிருந்து உங்கள் நாவலுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது, ஓர் அரிவாள் வெட்டாமல் நிற்பதற்குப் பல காரணங்கள் இருக்க முடியும் என்பதுதான். தோய்ச்சல் தவறியிருக்கலாம். பிடித்த கை நடுங்கியிருக்கலாம். ஓங்கியவன் கடைசி நொடியில் தம்பியின் கழுத்தில் தன் அப்பனின் சாயலைப் பார்த்திருக்கலாம். அரிவாள் மறுத்திருக்கவும் கூடும். இந்த நான்கும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கக்கூடிய நிலையில்தான் பொருளின் விருப்பம் வாசகரைப் பிடிக்கும். "அரிவாள் மறுத்தது" என்று மூன்றாம் அத்தியாயத்திலேயே எழுதிவிட்டதால் மற்ற மூன்று காரணங்களும் அடைபட்டுவிட்டன. அதைவிட, அண்ணன் கொல்லத் துணிந்தவன் என்பது மட்டும் நின்று, கொல்லாமல் விட்டது அவன் கணக்கில் சேராமல் போய்விட்டது. பழியை மட்டும் அன்றி, மன்னிப்பையும் அரிவாள் எடுத்துக்கொண்டுவிட்டது. உங்கள் நண்பருக்கு அந்த வாக்கியம் உறுத்தியது இதனால்தான் என்று நினைக்கிறேன். காரணத்தை மட்டும் அவர் வேறு இடத்தில் தேடிவிட்டார்.

ஆகவே அரிவாளுக்கு வாய் கொடுக்க வேண்டாம். அதன் விருப்பத்தை எடுக்கவும் வேண்டாம். அந்த இடத்தில் "அரிவாள் நின்றது" என்று மட்டும் எழுதுங்கள். அண்ணன் தன் கையைப் பார்த்துக்கொள்ளட்டும். தன்னை விட்டது அண்ணன்தான் என்று தம்பி கடைசிவரை நம்பட்டும். நிறுத்தியது தான் அல்ல, அரிவாள்தான் என்று அண்ணன் நம்பட்டும். அதை அவன் யாரிடமும் சொல்லாமல் இருக்கட்டும். பேரன் காலத்தில், அரிவாளுக்கு எதையாவது இழக்க வேண்டிய நிலை வரும் அல்லவா? நீங்கள் அனுப்பிய கதைச் சுருக்கத்தின்படி அது உலைக்கே திரும்பப் போகும் இடம் அது. அவன் குறி தப்பாமல் ஓங்குகிறான், கை நடுங்கவில்லை, வாய் கூராக இருக்கிறது, எதிரே நிற்பவன் மீது அவனுக்கு இரக்கமும் இல்லை. வேறு எந்தக் காரணமும் மிச்சம் இல்லாத அந்த இடத்துக்கு "மறுத்தது" என்ற சொல்லைச் செலவழிக்காமல் வைத்திருங்கள்.